கையில் காசில்லாத காலத்தில் விவாகரத்து: கடைக்கு வருகிறவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் எங்கள் தென்னந்தோப்பைப் படுக்கப் போட்டது. அடுத்த வருடம் கணவரை விட்டு வந்தேன். 2021-இல் விவாகரத்து ஆனது. அதிலிருந்து ரவிக்கை தைக்க வருகிறவர்கள் அளவு கொடுத்த பிறகும் கிளம்பாமல் நிற்பார்கள். கடையில் வேறு ஆள் இல்லை என்று தெரிந்ததும் மெதுவாக ஆரம்பிப்பார்கள். இந்த இரண்டு மூன்று வருடமாகத் தண்ணீர், விலை, வேலை எல்லாம் ஆட்டம் காண்பதால் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லாருக்கும் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. சட்டம் பற்றி எழுதியிருப்பதை என் வழக்கை நடத்திய சட்ட உதவி வக்கீலம்மாவிடம் காட்டிச் சரிபார்த்தேன். ஆனாலும் உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

"எங்கள் வீட்டுச் சண்டை எல்லாமே காசால் வருவது. இதற்குப் போய் விவாகரத்தா அக்கா?"

காசு இருந்த வருடம் எப்படி இருந்தீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். சம்பா நன்றாக விளைந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் கைக்கு வந்த வருடம் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். இல்லையென்றால் சிங்கப்பூரிலிருந்து மாதம் தவறாமல் பணம் வந்த வருடம். அதை நினைத்துப் பாருங்கள். அப்போது அவர் உங்களிடம் எப்படிப் பேசினார்? ஒரு செலவு என்றால் உங்களைக் கேட்டாரா? உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது யார் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது?

கஜாவால்தான் என் குடும்பம் உடைந்தது என்று ஊரே சொன்னது. நானும் கொஞ்ச நாள் அதை நம்பினேன். நூற்றுப்பத்து மரம் ஒரே ராத்திரியில் விழுந்தால் எந்த மனுஷனுக்கும் கோபம் வரும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது நினைவுக்கு வந்தது. புயலுக்கு முந்தின வருடம் நல்ல வெட்டு, கையில் காசு புரண்டது. அந்த வருடப் பொங்கலுக்குத்தான் என் முன்பல் உடைந்தது. அப்புறம் எனக்குக் குழப்பமே இல்லை.

இதற்கு நேர் மாறாகவும் பார்த்திருக்கிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் வேலை போய் வீட்டோடு வந்துவிட்டார். நாலு மாதம் ஓயாத சண்டை. அந்தப் பெண் என்னிடம் வந்து அழுதாள். காசு இருந்த காலத்தைக் கேட்டேன். "அவரு நல்ல மனுஷன்தான் அக்கா, இப்பதான் இப்படி" என்றாள். அவர்கள் பிரியவில்லை. அந்த வீட்டின் உண்மையான தொல்லை, அவர் மறைத்து வைத்திருந்த இரண்டு கடன்கள்.

"அடிக்கிறார். தை பிறக்கட்டும், அறுவடை முடியட்டும் என்று அம்மா சொல்கிறாள். பொறுக்கலாமா?"

வேண்டாம். மற்ற எல்லாக் கேள்விக்கும் யோசித்துச் செய்யுங்கள் என்பேன், இதற்கு மட்டும் சொல்ல மாட்டேன். 181 பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அடி, உதை மட்டுமல்ல, செலவுக்குப் பணம் தராமல் பட்டினி போடுவதும், உங்கள் நகையை எடுத்து விற்பதும்கூட 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி வன்முறைதான்.

இதைப் பலரும் அறியாமல் இருக்கிறார்கள்: இந்தச் சட்டத்தைப் பயன்படுத்த விவாகரத்துக் கேட்க வேண்டியதில்லை. வீட்டை விட்டு வெளியேறவும் வேண்டியதில்லை. நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையை மாஜிஸ்திரேட் உத்தரவாகவே கொடுக்கலாம். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்பார்கள். மாமனார் வீடாக இருந்தாலும் அது கூட்டாக வாழ்ந்த வீடாகக் கருதப்படலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வாடகைக்கு வழியில்லாத காலத்தில் இதைவிடப் பெரிய துணை கிடையாது.

"பிரிந்தால் செலவுக்கு எவ்வளவு வேண்டும்? எப்படிக் கணக்குப் போடுவது?"

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு அடுப்பு இரண்டு அடுப்பாகும்போது செலவு பாதியாகாது, ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 2019-இல் நான் எழுதிய நோட்டு இன்னும் இருக்கிறது. வாடகை 2,000, முன்பணம் 10,000, கரண்ட், பால், பையனின் பள்ளிச் செலவு, மிஷின் வட்டி என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அரிசிக்கு எதுவும் எழுதவில்லை, ரேஷனில் சும்மா கிடைக்கும் என்று விட்டுவிட்டேன். அட்டை மாமியார் வீட்டில் இருக்கிறது என்பது முதல் மாதம் கடைக்குப் போய் நின்றபோதுதான் உறைத்தது. ஏழு மாதம் அரிசி விலைக்கு வாங்கினேன்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். முதல் ஒரு வருடத்துக்கு ஜீவனாம்சத்தை வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள். வந்தால் நல்லது. வராவிட்டாலும் பிள்ளை சாப்பிட வேண்டும்.

நம் ஊரில் வருமானம் மாதாமாதம் வருவதில்லை என்பதையும் கணக்கில் எடுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தால் ஒரு கணக்கு. 2024-இல் ஜூலை 28-இல்தான் திறந்தார்கள், குறுவை நம்பியிருந்தவர்களின் கணக்கு மொத்தமாக மாறியது. நடவுக்குப் போகிறவர்கள் என்றால் வேலை இல்லாத மாதங்களைத் தனியாகக் குறித்து, அந்த மாதங்களுக்கு எங்கிருந்து வரும் என்று எழுதுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், பிரிவதைக் கைவிட வேண்டாம், அந்த இடத்தை நிரப்பும் வேலையை முதலில் தேடுங்கள். நான் புறப்படும் முன் ஆறு மாதம் பக்கத்து வீட்டு மிஷினில் ராத்திரி தைத்துப் பழகினேன்.

"என் நகை முழுக்க அடகில் இருக்கிறது. ரசீது அவர் பெயரில்."

இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. உரம் வாங்க, நடவுக் கூலிக்கு, வெளிநாட்டு ஏஜெண்டுக்கு என்று நம் பக்கத்தில் எதற்கும் முதலில் போவது பெண்டாட்டி கழுத்தில் கிடப்பதுதான்.

கல்யாணத்தில் உங்களுக்குப் போட்ட நகை உங்கள் சீதனம், அதாவது உங்கள் சொந்தச் சொத்து. கணவரிடம் கொடுத்து வைத்திருந்தாலும் அது அவருடையதாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் மனு போடும்போதே சீதனத்தைத் திருப்பித் தர உத்தரவு கேட்கலாம்.

சட்டம் இருந்தாலும் நகை ஏலத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது? பிரிவுப் பேச்சு தொடங்கியதும் அவர் வட்டி கட்டுவதை நிறுத்துவார். ஏல அறிவிப்பு அவர் முகவரிக்குப் போகும். உங்களுக்குத் தெரியும்போது முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் பதினொரு பவுன் இப்படித்தான் போனது. அதனால் சண்டை வெளியே வரும் முன்பே ரசீதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எந்த வங்கி, எந்த சொசைட்டி, எத்தனை கிராம், எந்தத் தேதி என்று குறித்துக்கொள்ளுங்கள். கல்யாண போட்டோவில் எந்த நகை கழுத்தில் இருக்கிறது, அதற்கு நகைக்கடை பில் எங்கே என்று தேடி எடுங்கள். உங்கள் அப்பா எழுதி வைத்த சீர்ப் பட்டியல் இருந்தால் அதுவும் வேண்டும்.

"மகளிர் குழுக் கடன் என் பெயரில். செலவு செய்தது அவர். யார் கட்டுவது?"

கையெழுத்துப் போட்டவர்தான். கசப்பான பதில், ஆனால் இதைத் தெரியாமல் பிரிந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். விவாகரத்துத் தீர்ப்பு உங்கள் இருவருக்கும் நடுவில் உள்ளது, கடன் கொடுத்தவரை அது கட்டுப்படுத்தாது. நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்ட டிராக்டர் கடன், டூவீலர் கடனுக்கும் இதே கதைதான். ஆகவே சம்மதத்தோடு பிரிகிறீர்கள் என்றால், எந்தக் கடனை யார் எந்தத் தேதிக்குள் அடைப்பது என்று ஒப்பந்தத்தில் ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் தீர்ப்புக்கு முன்பே அடைத்துவிட்டு ரசீது வாங்குவது இன்னும் நல்லது.

வசூலுக்கு வருகிறவர்கள் விடியற்காலையிலும் இரவிலும் வந்து கதவைத் தட்டக் கூடாது. சிறுகடன்களுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. தனியாக இருக்கிற பெண் என்றால் சிலருக்குத் துணிச்சல் அதிகமாகும். இந்த விதியைச் சத்தமாகவே சொல்லுங்கள்.

"வயலிலும் வீட்டிலும் எனக்குப் பாதி கிடைக்குமா?"

தானாகப் பாதி கிடைக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. விவாகரத்தோடு சொத்தை இரண்டாகப் பிரிப்பது இந்து திருமணச் சட்டத்தில் கிடையாது. உங்களுக்குக் கிடைப்பது ஜீவனாம்சம். அது மாதத் தொகையாகவோ மொத்தமாகவோ இருக்கலாம். அவர் சொத்தின் மீது அதை ஏற்றி வைக்க நீதிமன்றத்தால் முடியும். உங்கள் பெயரும் சேர்ந்து பதிவான சொத்து என்றால் உங்கள் பங்கு உங்களுடையது.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பைப் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். கணவர் சவுதியில் வேலை பார்த்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து அது. வீட்டையும் பிள்ளைகளையும் மனைவி பார்த்துக்கொண்டதால்தான் அவரால் சம்பாதிக்க முடிந்தது, அதனால் அவளுக்கும் அதில் பங்கு உண்டு என்று நீதிபதி சொன்னார். அதைப் படித்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருடச் சமையல், எத்தனை வருடத் துணி துவைப்பு! ஆனால் ஒரு தீர்ப்பு எல்லா வழக்குக்கும் அப்படியே பொருந்திவிடாது. வக்கீலிடம் இதைச் சொல்லி, உங்கள் விஷயத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

கோயில் நிலம், மடத்து நிலத்தில் குத்தகை என்றால் அவருக்கே அது சொந்தமில்லை, பங்கு கேட்க எதுவுமில்லை. பூர்வீகச் சொத்தில் பிள்ளைகளுக்கு உள்ள உரிமை நீங்கள் பிரிவதால் போகாது. மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு.

"அவருக்கு வேலையே இல்லை. ஜீவனாம்சம் கேட்டு என்ன பயன்?"

கேளுங்கள். உடம்பில் தெம்புள்ள கணவன் கூலி வேலை செய்தாவது மனைவி பிள்ளைகளைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தொகை சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். நிலைமை மாறினால் தொகையையும் மாற்றக் கேட்கலாம். அவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்தால் நீங்கள் கூட்டிக் கேட்கலாம், உண்மையாகவே வருமானம் விழுந்தால் அவர் குறைக்கக் கேட்கலாம்.

விவாகரத்து வழக்கு போடாமலும் ஜீவனாம்சம் கேட்க வழி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆவது பிரிவு என்று எல்லாரும் சொல்வது, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. இருவரும் வரவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், மனு போட்ட தேதியிலிருந்தே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. ஆகவே மனுவைத் தள்ளிப் போட்டால் அத்தனை மாதமும் உங்களுக்குத்தான் நஷ்டம். அவர் கட்டாமல் விட்ட பாக்கியை ஒரு வருடத்துக்குள் கேட்டு மனு போடுங்கள், அதைத் தாண்டினால் சிக்கல்.

"வழக்கு நடத்தக் காசு இல்லை."

பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை இது. நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100. என் வழக்குக்கு வக்கீல் கட்டணமாக நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனு போடலாம், அவர் ஊருக்கு அலைய வேண்டாம். குடும்ப நல நீதிமன்றம் இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றம். டவுன் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்காமல் போய் வரலாம் என்பதும் வாய்தாவுக்கு வாய்தா தெரியும் நிம்மதி.

"இருவரும் சம்மதித்தால் சீக்கிரம் முடியுமா? தனி வீடு எடுக்க வசதியில்லையே?"

சம்மத விவாகரத்துக்கு ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சமாதானத்துக்கு வழியே இல்லை, ஜீவனாம்சம், பிள்ளை எல்லாம் பேசி முடிந்துவிட்டது என்றால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிரிந்து வாழ்வது என்றால் வேறு வேறு கூரையாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணவன் மனைவியாக வாழவில்லை என்பதுதான் முக்கியம், ஒரே வீட்டில் இருந்தாலும் அப்படி இருக்க முடியும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. கையில் காசில்லாதவர்களுக்கு இது பெரிய விஷயம். அடிதடி இல்லாத வீடாக இருந்தால் மட்டும் இந்த வழியை யோசியுங்கள்.

"ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பத்திரத்தில் எழுதிப் பிரிந்துவிட்டோம். போதாதா?"

போதாது. இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதினாலும், நோட்டரி முத்திரை குத்தினாலும் இந்து திருமணம் அதனால் முறியாது. சில சமூகங்களில் இப்படிப் பேசி உறவைத் தீர்த்துக்கொள்ளும் வழக்கம் உண்டு, அந்த வழக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபித்தால் சட்டம் ஏற்கும். ஆனால் நிரூபிப்பது உங்கள் தலையில். அந்தப் பத்திரத்தை நம்பி மறுமணம் செய்தால் அந்தத் திருமணம் செல்லாமல் போகும், பிறக்கும் பிள்ளைக்காகவும் நீங்கள் அலைய வேண்டியிருக்கும். இன்னொன்று, அந்தப் பத்திரங்களில் "இனி எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். யார் முன்னாலும் அவசரத்தில் அதில் கையெழுத்துப் போடாதீர்கள்.

"விவாகரத்து வாங்காமல் தனியாக இருந்துவிட்டால் என்ன?"

இருக்கலாம். நீதிமன்றம் மூலமே பிரிந்து வாழும் உத்தரவு வாங்கலாம், திருமணம் முறியாது, ஜீவனாம்சமும் கேட்கலாம். மனம் இன்னும் தீர்மானமாகாதவர்களுக்கும், கடன் பாதியில் நிற்பவர்களுக்கும் இதை நான் சொல்வதுண்டு. எதையும் எழுதாமல் சும்மா பிரிந்து கிடப்பதுதான் எனக்குப் பிடிக்காதது. பத்து வருடம் கழித்து ஒரு சான்றிதழுக்கு அவர் கையெழுத்துத் தேவைப்படும்.

"துபாயில் வேலை போய் வந்தேன். சம்பாதிக்காததால் மனைவி மதிப்பதில்லை. பிரிந்துவிடலாம் என்று தோன்றுகிறது."

தம்பி, ஆண்கள் இதைக் கேட்க வருவதே பெரிது. திரும்பி வந்த முதல் ஆறு மாதம் எந்த வீட்டிலும் சரியாக இருக்காது. நீ இல்லாமல் வீட்டை நடத்திப் பழகிய பெண்ணும், அங்கே தனி ஆளாக இருந்து பழகிய நீயும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மதிக்கவில்லை என்று உனக்குத் தோன்றுவது அவளுடைய பயமாகவும் இருக்கலாம். அங்கே வாங்கிய கடன் எவ்வளவு என்று அவளிடம் முழுக்கச் சொன்னாயா? சொல்லிவிட்டு ஒரு மாதம் பார். குடிக்கிறாய் என்றால் முதலில் அதற்கு வைத்தியம் பார்த்துக்கொள். பிரிந்தாலும் பிள்ளைகளுக்கு நீ கட்ட வேண்டியது குறையாது.

"பிறந்த வீட்டில் அண்ணன் கடனில் இருக்கிறான். அங்கே போய் எப்படி நிற்பது?"

வாழாவெட்டி என்ற சொல்லை நான் என் காதால் கேட்டிருக்கிறேன், அதுவும் அண்ணியின் வாயால். அவள் கெட்டவள் இல்லை, அவள் வீட்டு உலையில் இரண்டு பேருக்கு அரிசி கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. நான் போன முதல் நாளே எத்தனை மாதம் இருப்பேன், மாதம் எவ்வளவு கொடுப்பேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தால் அந்தச் சொல் வந்திருக்காது. நீங்கள் சொல்லிவிடுங்கள். தொகை ஐந்நூறாக இருந்தாலும் பரவாயில்லை.

"பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள்?"

ஐந்து வயதுக்குள் என்றால் பொதுவாக அம்மாவிடம். அதற்கு மேல் பிள்ளையின் நலனைப் பார்த்து நீதிபதி முடிவு செய்வார். சம்பளம் குறைவு என்பதற்காக மட்டும் பிள்ளையைப் பறித்துவிட மாட்டார்கள். பள்ளியைப் பாதி வருடத்தில் மாற்றாதீர்கள், ஜூன் வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

"ரேஷன் அட்டை, ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை?"

2023 செப்டம்பர் 15-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்குத்தான். ஆகவே எல்லாம் அட்டையில் தொடங்குகிறது. பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்கி, தனி வீடு, தனிச் சமையல் காட்டிப் புது அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு மாத உதவித்தொகையும் உண்டு, தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். இப்போதே உங்கள் வங்கிக் கணக்கு எண்ணோடு யார் போன் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். அவர் போன் என்றால் நாளைக்கே மாற்றுங்கள்.

"நாங்கள் முஸ்லிம். நாங்கள் கிறிஸ்தவர்."

மேலே சொன்ன விவாகரத்து விதிகள் இந்துக்களுக்கானவை. முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டுச் சட்டமும், மனைவி தானே கேட்டுப் பிரியும் குலா முறையும் உண்டு. முஸ்லிம் பெண்களும் பழைய 125-இன்படி ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டுச் சட்டம். குடும்ப வன்முறைச் சட்டமும் இலவச சட்ட உதவியும் எல்லா மதத்தாருக்கும் பொது.

"சரி அக்கா, முடிவெடுத்துவிட்டேன். முதலில் என்ன செய்ய?"

ஒரு துணிப்பை. அதில் ஆதார், கல்யாணப் பத்திரிகை, திருமணப் பதிவு இருந்தால் அது, போட்டோ இரண்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், அடகு ரசீதின் நகல், குழுக் கடன் அட்டை, அவருடைய பட்டா எண், மருத்துவமனைச் சீட்டு இருந்தால் அது. பையை வீட்டில் வைக்காதீர்கள். வைக்க இடமில்லை என்றால் என் கடையில், தைத்து முடித்த துணிகளுக்குப் பின்னால் ஒரு அலமாரி இருக்கிறது. இப்போதே அதில் மூன்று பைகள் இருக்கின்றன.